கறுப்பின வரலாற்று மாதம்: ஊர்கூடிக் கொண்டாடும்போது தவிர்க்க வேண்டியவை

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்காவின் நூலகம், பள்ளி, அலுவலகம் எங்கும் கறுப்பின வரலாற்று மாதம் தொடங்கிவிடுகிறது. அங்கே வாழும் தமிழர்களும் குடியிருப்புச் சங்கங்கள், பள்ளிக் குழுக்கள் வழியாக இதில் சேரலாம், சேரவும் வேண்டும். ஆனால் நல்ல மனதோடு நடத்தும் விழாவே அந்த மக்களைப் புண்படுத்திவிடுவதும் உண்டு. வெறும் சடங்காக முடிந்துபோவதும் உண்டு. வரலாற்றைத் தேடிப் போகாமல், கைக்குக் கிடைத்த படத்தையும் பாட்டையும் வைத்து ஒப்பேற்றுவதுதான் இதற்கெல்லாம் காரணம்.

முதல் தவறு, ஜனவரி கடைசியில் அவசரமாகக் குழு கூட்டுவது. இந்த விழாவுக்கு விதை போட்டவர் கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1875இல் விர்ஜீனியாவில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1926இல் அவர் தொடங்கியது 'நீக்ரோ வரலாற்று வாரம்'. லிங்கன் பிறந்த நாளான பிப்ரவரி 12, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் பிப்ரவரி 14 இரண்டும் அந்த வாரத்தில் வந்தன. ஆண்டு முழுக்கப் படித்ததை ஊர் முன்னால் எடுத்து வைக்கும் வாரமாகவே வுட்சன் அதை நினைத்தார். ஆசிரியர்களுக்காக 1937இல் தனி இதழே தொடங்கினார். வாரம் மாதமாக வளர்ந்து, 1976இல் அதிபர் ஃபோர்டு அதை அங்கீகரித்தார். ஆக, பிப்ரவரியில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் வேலையை முந்தைய கோடையிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது, கறுப்பின மக்கள் இல்லாமலே திட்டம் போடுவது. தேதி, மேடை, உணவு எல்லாம் முடிவான பிறகு, "நீங்கள் வந்து பத்து நிமிடம் பேசுங்கள்" என்று ஒருவரைக் கூப்பிடுவார்கள். அது மரியாதை ஆகாது. ஊரில் கறுப்பினத் திருச்சபை இருக்கும், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கிளை இருக்கும். அவர்கள் பல காலமாகத் தாங்களே விழா எடுத்துவருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். எடுத்தால், அதற்குப் போய் நாற்காலி போடுவதே உங்கள் வேலையாக இருக்கலாம். பேச வருபவருக்குப் பணம் கொடுங்கள். வரலாற்றுப் பேராசிரியரோ கதைசொல்லியோ, அது அவர்களின் உழைப்பு.

நாயகர் கதையாகச் சுருக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ரோசா பார்க்ஸ் என்றால் என்ன சொல்கிறார்கள்? வேலை முடிந்து களைத்திருந்த தையல்காரப் பெண், பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பேசினார், சட்டம் மாறியது. சரி, நடந்தது என்ன? 1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரியில் கைதானபோது பார்க்ஸ் பல ஆண்டுகள் என்.ஏ.ஏ.சி.பி.யில் உழைத்தவர். கறுப்பினப் பெண்கள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளை விசாரிக்க ஊர் ஊராகப் போனவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, க்ளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே நகரில் இருக்கையை விட மறுத்துக் கைதாகியிருந்தார். பேருந்துப் பாகுபாட்டை வீழ்த்திய வழக்கைத் தொடுத்த பெண்களில் கால்வின் உண்டு, பார்க்ஸ் இல்லை.

பார்க்ஸ் கைதான இரவில் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கண்விழித்து, பேருந்தில் ஏறாதீர்கள் என்று கேட்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பலகாரமும் சாப்பாடும் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் திரட்டினார். போராட்டத்தில் பங்கேற்றதற்காக இருந்த வேலையையும் இழந்தார். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. ஆட்களை ஏற்றிச் செல்லக் கார்கள் முறை வைத்து ஓடின, ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான். ஒரே ஒரு வீரர் வந்து எல்லாவற்றையும் மாற்றினார் என்று சொன்னால், அத்தனை பேரின் உழைப்பும் காணாமல் போய்விடுகிறது. கிங்குக்கும் இதே கதிதான். 'எனக்கொரு கனவு உண்டு' என்ற 1963 உரையின் நான்கு வரிகளோடு நிறுத்திவிடுகிறோம். 1967இல் வியட்நாம் போரை எதிர்த்ததையும், 1968இல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில் கொல்லப்பட்டதையும் விட்டுவிடுகிறோம்.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியர்களை மேடைக்கு அழைத்தால் உடனே "கிங்குக்கு வழிகாட்டியது எங்கள் காந்தி" என்று தொடங்கிவிடுகிறோம். கிங் 1959இல் இந்தியா வந்தது உண்மை, காந்தியை மதித்ததும் உண்மை. ஆனால் அடுத்தவர் வரலாற்று விழாவில் நம் பெருமையைப் பேசுவது அழகல்ல. தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் காந்தி ஆப்பிரிக்கர்களை இழிவாக எழுதியதைக் கேட்பவர்களில் பலர் அறிவார்கள். கானா பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் சிலை 2018இல் அகற்றப்பட்டதும் அதனால்தான். இந்தியாவைப் பேசியே ஆக வேண்டுமென்றால், கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு அம்பேத்கர் 1946இல் எழுதிய கடிதத்தைப் பேசலாம். அல்லது திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் கிங்கை அறிமுகப்படுத்தியதைப் பேசலாம். முதலில் அதிர்ந்தவர், யோசித்துப் பார்த்து அது சரிதான் என்று ஏற்றுக்கொண்டதாக 1965இல் தன் தேவாலயத்தில் அவரே சொன்னார். கூடவே 1965 குடியேற்றச் சட்டத்தையும் சொல்லுங்கள். அதுவரை இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான். சிவில் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான் அந்தக் கதவு திறந்தது.

மாறுவேடப் போட்டி வைத்தால் குழந்தையின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசாதீர்கள். வெள்ளையர் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடைக் கூத்துகள் அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேல் நடந்தவை. உணவிலும் கவனம் வேண்டும். யாரையும் கேட்காமல் வறுத்த கோழியும் தர்பூசணியும் பரிமாறி மன்னிப்புக் கேட்க நேர்ந்த இடங்கள் உண்டு. விடுதலைக்குப் பின் கறுப்பின விவசாயிகள் தர்பூசணி விளைவித்துச் சம்பாதித்ததையே வெள்ளையர் கேலிச்சித்திரமாக்கினார்கள். வகுப்பில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டுவது கூடவே கூடாது.

பலரும் கோட்டை விடுவது சொந்த ஊரைத்தான். நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன், கறுப்பினப் பயணிகள் பயமின்றித் தங்கவும் சாப்பிடவும் கூடிய இடங்களின் கையேட்டை 1936 முதல் வெளியிட்டார். அதன் பல இதழ்கள் நியூயார்க் பொது நூலகத்தின் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊரின் முகவரிகளைத் தேடி, அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தென் மாநிலம் என்றால், 1910களிலிருந்து 1932 வரை வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதியுதவியோடு, கறுப்பினப் பெற்றோர் நிலமும் பணமும் உழைப்பும் தந்து எழுந்த ஏறத்தாழ 5,000 ரோசன்வால்டு பள்ளிகளில் ஒன்று அருகில் இருக்கலாம். பழைய வீட்டுப் பத்திரங்களையும் படியுங்கள். கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். ஆசியரையும் சேர்த்து விலக்கியவை உண்டு. நீதிமன்றங்கள் அவற்றை அமல்படுத்த முடியாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது, 1968இல் சட்டமே தடை செய்தது. மினியாபொலிஸில் தன்னார்வலர்கள் இப்படிப் பத்திரங்களைப் படித்தே, எந்தெந்த வீடுகளுக்கு இந்த நிபந்தனை இருந்தது என்று காட்டும் நகர வரைபடம் உருவாக்கினார்கள்.

பழைய கறுப்பினக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வதும் நல்ல பணிதான். ஆனால் அனுமதியும் வழிகாட்டலும் இல்லாமல் இறங்காதீர்கள். தென் மாநிலங்களில் கிளிஞ்சல், உடைந்த பாத்திரம், யூக்கா செடி எல்லாம் கல்லறை அடையாளங்கள். குப்பை என்று வாரிப் போட்டால் அங்கே ஒருவர் புதைக்கப்பட்டதற்கான கடைசிச் சான்றும் போய்விடும். கல்லைப் பிளீச்சிங் போட்டோ கம்பித் தூரிகையாலோ தேய்க்கவும் கூடாது.

அப்புறம், ஊர்ப் பெரியவர்களிடம் பேட்டி எடுக்கும் முன் அதை எங்கே வைப்போம், யார் கேட்கலாம் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எதைச் சொல்லக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. பதிவின் ஒரு பிரதி முதலில் அவர்கள் குடும்பத்துக்குப் போகட்டும், அதன் பிறகு நூலகத்துக்கு.