கயிற்றில் தொங்கும் 3,150 ஆண்டுகள்: சீனப் பெண்கள் பற்றிய பள்ளிக் கண்காட்சி

கடலூர், புதுச்சேரி பள்ளிக் கண்காட்சிகளில் சீனா என்றாலே பெருஞ்சுவரும் டிராகனும்தான். பெண்களின் வரலாற்றைக் காட்ட மூன்றரை மீட்டர் கொடிக்கயிறும் எட்டு அஞ்சலட்டையும் போதும்.

கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகே அளவு குறியுங்கள். முன்பே குறித்தால் இழுபட்டுப் புள்ளிகள் நகரும். இடது முனையில் கி.மு. 1200. 1 செ.மீ.க்கு 10 ஆண்டு.

தொடக்கத்தில் ஃபூ ஹாவ், ஷாங் அரச மரபின் அரசி, படைத்தலைவி. இவர் கல்லறை 1976இல் ஆன்யாங்கில் கிடைத்தது. 124 செ.மீ.யில் பான் சாவ்: அண்ணன் முடிக்காமல் விட்ட ஹான் அரச மரபின் வரலாற்றை முடித்தவர், பெண்கள் பணிந்திருக்க வேண்டும் என்றும் எழுதியவர். இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். ஒன்றை விட்டால் ஆள் மாறிவிடுவார். 189 செ.மீ.யில் வூ சே தியென். 690 முதல் 705 வரை சீனாவைப் பேரரசர் பட்டத்தோடே ஆண்ட ஒரே பெண். 228 செ.மீ.யில் கவிஞர் லீ ச்சிங்சாவ். 248 செ.மீ.யில் ஹுவாங் தாவ்போ. தெற்கே ஹைனான் தீவில் கற்ற பருத்தி நூற்பை ஷாங்காய் பக்கம் கொண்டுபோனவர். இந்த அட்டையோடு கொஞ்சம் பஞ்சையும் கட்டுங்கள்.

306 செ.மீ.யில் ஆட்சியைக் கைப்பற்றிய பேரரசி ட்சுஷீ (1861), 311இல் தலை வெட்டப்பட்ட புரட்சியாளர் ச்சியூ சின் (1907), 315இல் பெண்ணுக்குத் திருமணத்தில் சம உரிமை தந்த சட்டம் (1950). மூன்றும் 9 செ.மீ.க்குள் நெருங்குவதால் அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். 10, 25, 40 செ.மீ. நூலில் ஏற்ற இறக்கமாகத் தொங்கவிடுங்கள்.

சிறுமிகளின் பாதம் வளராதபடி இறுகக் கட்டும் வழக்கத்துக்குத் தனி மேசை போடுங்கள். 10 செ.மீ. நீளத்துக்கு அட்டையில் பாதம் வெட்டி வையுங்கள். அக்காலத்தில் மெச்சிய அளவு அது. பிள்ளைகள் தம் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், விளக்கம் வேண்டாம். சோங் அரச மரபின் காலத்தில் பரவியது, 1664இல் வடகிழக்கிலிருந்து வந்து சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் அரசு போட்ட தடை பலிக்கவில்லை, 1912இல் குடியரசு மறுபடி தடை செய்தது. ‘எல்லாச் சீனப் பெண்களும் கட்டினார்கள்’ என்று மட்டும் எழுதவேண்டாம். மஞ்சு பெண்கள் கட்டவில்லை. வயலில் உழைத்த, தென்சீனாவின் ஹக்கா சமூகப் பெண்களும் பெரும்பாலும் கட்டவில்லை.

பெயர்களில்தான் அதிகம் வழுக்கும். ஆங்கில எழுத்தில் ‘இசட் எச்’ வந்தால் நம் பிள்ளைகள் கை தானாக ழகரம் போடும். பான் சாவ் ‘பான் ழாவ்’ ஆகிவிடுவார். ‘கியூ’ வந்தால் ச்ச, ‘எக்ஸ்’ வந்தால் ஷ. குடும்பப் பெயர் முதலில் வரும், அதைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

கடற்காற்றில் செல்லோடேப் மதியத்துக்குள் கழன்றுவிடும். துணி க்ளிப் மாட்டுங்கள்.