பழைய காரின் பெற்றோல் பம்ப் ஒழுகினால்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், டட்சன் 1200, எழுபதுகளின் கொரோலா போன்றவற்றில் பெரும்பாலும் பெற்றோல் பம்ப் எஞ்சினின் பக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் சுற்றும் கேம் சாஃப்ற்றின் மேடு பம்பின் லீவரைத் தள்ள, லீவர் டயபிரத்தை (வளையக்கூடிய மெல்லிய சவ்வை) இழுத்து, தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சும். பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் டயபிரத்தைத் திருப்பித் தள்ளி, பெற்றோலைக் காபரேற்றருக்கு அனுப்பும். மொறிஸ் மைனரில் இருப்பது டிக் டிக்கென்று அடிக்கும் கரண்டுப் பம்ப். கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

பம்பின் அடியில் ஈரத்தைக் கண்டவுடன் புதுப் பம்ப் வாங்க ஓட வேண்டாம். ஒழுகும் இடம் எது என்பதைப் பொறுத்துத்தான் செலவு. சில நேரம் ஒரு கோர்க் வொஷரோடு வேலை முடிந்துவிடும்.

பம்பையும் சுற்றுப்புறத்தையும் கழுவி நன்றாகக் காய விடுங்கள். முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவி, எஞ்சினை இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட விட்டு நிறுத்துங்கள். பவுடர் நனைந்த இடம் காட்டிக் கொடுக்கும். றப்பர் குழாயின் முனையில் ஈரம் என்றால் குழாய் வெடித்திருக்கிறது அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. வெடித்த முனையை மட்டும் வெட்டிவிட்டுப் பூட்டினால் அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்பீர்கள். முழுக் குழாயையும் மாற்றுங்கள், அதுவும் பெற்றோலுக்கென்றே செய்த குழாயாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஊறி உப்பிவிடும். மேலே கண்ணாடிக் கிண்ணம் உள்ள பம்பில் ஈரம் கிண்ணத்தின் விளிம்பில் இருந்தால், கோர்க் வொஷர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. கிழமைக்கணக்காக ஓடாமல் நிற்கும் காரில் இது சாதாரணம். புது வொஷர் போட்டுத் திருகாணியைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு பிடித்தால் கண்ணாடி உடையும்.

பம்பின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் ஈரம் என்றால், முதலில் ஸ்குறூக்களை எதிரெதிராக ஒவ்வொரு கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கீழ்ப் பாதியில் உள்ள சிறு துளையால் பெற்றோல் சொட்டினால் டயபிரம் கிழிந்துவிட்டது, வேறு சந்தேகம் வேண்டாம். அந்தத் துளையை எம்சீல் பசையால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே வர வழியில்லாத பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கும்.

உள்ளே இறங்கும் ஒழுக்குத்தான் எல்லாவற்றிலும் கெட்டது. கராஜ் தரை காய்ந்தே இருக்கும், எஞ்சின் கெட்டுக்கொண்டிருக்கும். டிப்ஸ்ரிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை) இழுத்துப் பாருங்கள். ஒயில் மட்டம் தானாக ஏறியிருக்கிறதா, பெற்றோல் மணக்கிறதா, விரலிடையில் தேய்த்தால் வழுவழுப்பில்லாமல் தண்ணியாக இருக்கிறதா? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: எரியாத மண்ணெண்ணெய் சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு) இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப் பெயரிங்குகளைத் தின்றது. பெற்றோலும் அதையே செய்யும், கூடவே சம்பில் சேரும் ஆவி தீப்பற்றவும் கூடும். ஒயிலில் பெற்றோல் மணம் இருந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பம்பைச் சரி செய்து, ஒயிலையும் ஒயில் பில்ரரையும் மாற்றிய பிறகே எஞ்சின் ஓட வேண்டும்.

கழற்ற முன், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பற்றரியின் எர்த் வயரை (காரின் உடலோடு பூட்டியதை) கழற்றி வைக்க வேண்டும், பக்கத்தில் பீடியோ விளக்கோ இருக்கக் கூடாது. தாங்கிப் பக்கக் குழாயைக் கழற்றியதும் ஒரு பொருத்தமான போல்ற்றால் வாயை அடையுங்கள். தாங்கி நிறைந்திருந்தால் பெற்றோல் தானாகவே வழிந்துகொண்டிருக்கும். உலோகக் குழாயின் நட்டை இரண்டு ஸ்பானரால் கழற்றுங்கள், ஒன்று நட்டுக்கு, மற்றது பம்பின் முனையைப் பிடிக்க. ஒற்றை ஸ்பானரால் பலம் போட்டால் குழாய் முறுகும்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றி, கேமின் மேடு லீவரை விட்டு விலகும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பம்பின் நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட்டுச் சுற்றினால், பம்ப் எஞ்சினை விட்டுத் தள்ளப்படாமல் தளர்வாக நிற்கும் இடம் கைக்குத் தெரியும். ஜப்பான் கார்களில் இந்த நட்டுக்குப் பெரும்பாலும் 12 மிமீ ஸ்பானர், இங்கிலாந்துக் கார்களுக்கு அங்குல ஸ்பானர்.

பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கறுப்பு பேக்லைற் கட்டை ஒன்றும், அதன் இரு பக்கமும் காஸ்கற்றுகளும் இருக்கும். இந்தக் கட்டை எஞ்சினின் சூட்டைப் பம்புக்குப் போகாமல் தடுக்கிறது. கட்டையில்லாமல் பூட்டிய கார் மத்தியான வெயிலில் பெற்றோல் ஆவியாகி, ஏர் லாக் ஆகி நிற்கும். கட்டையின் தடிப்பு லீவரின் அளவையும் தீர்மானிக்கிறது. மெலிந்தால் கேம் லீவரை அளவுக்கு மிஞ்சித் தள்ளி உடைக்கும், தடித்தால் பம்ப் போதிய பெற்றோல் தராது. ஆகவே பழைய தடிப்பையே திரும்பப் போடுங்கள்.

ஸ்குறூக்களால் பூட்டிய பம்பைப் பிரித்து டயபிரம் கிற் போடலாம். மடித்து அமத்தி மூடிய ஜப்பான் பம்பைப் பிரிக்க முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். பிரிக்க முன் இரண்டு பாதிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போடுங்கள், இல்லாவிட்டால் குழாய் வாய்கள் திசைமாறிப் போகும். விளிம்புகள் வளைந்திருந்தால், கண்ணாடித் தகட்டில் எமரித் தாளை வைத்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

பலர் பிழைவிடும் இடம் இறுக்குவதுதான். டயபிரத்தையும் மேல் பாதியையும் வைத்து, ஸ்குறூக்களைத் தொட்டும் தொடாமலும் மட்டும் போடுங்கள். பிறகு லீவரை அதன் முழுத் தூரத்துக்கும் அமத்திப் பிடித்து, டயபிரம் நன்றாகக் கீழே இழுபட்டிருக்கும் நிலையில் எதிரெதிராக இறுக்குங்கள். லீவரை விட்ட நிலையில் இறுக்கினால் டயபிரம் விறைத்து நிற்கும், இழுக்க இழுக்க ஓரத்தில் கிழியும். கிற் போட்டுச் சில மாதத்திலேயே மீண்டும் ஒழுகுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புதுப் பம்ப் வாங்குவதென்றால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், இங்குள்ள கடையானாலும் கொழும்பில் பஞ்சிகாவத்தையானாலும். லீவரின் நீளமும் வளைவும் ஒத்திருக்க வேண்டும். அமுக்கமும் முக்கியம்: ஜப்பான் பம்பை ஒஸ்டினில் பொருத்தினால் கூடுதல் அமுக்கத்தில் காபரேற்றரில் பெற்றோலை அடைக்கும் நீடில் தாங்காமல் பெற்றோல் வழியக்கூடும்.

பூட்டும்போது லீவரின் முனைக்கு எஞ்சின் ஒயில் தடவி, கேமின் சரியான பக்கத்தில் விழுகிறதா என்று கைக்கு உணர்ந்து பாருங்கள். தேய்ந்து மினுங்கும் இடம் பழைய லீவரில் தெரியும், அதுதான் கேமில் படும் பக்கம். பம்ப் கையால் தள்ள விளிம்போடு உட்கார வேண்டும். நட்டால் இழுத்து உட்கார்த்த வேண்டியிருந்தால் ஏதோ பிழை. இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள்.

கையால் அடிக்கும் சின்ன லீவர் இருந்தால் அதை அடித்துப் பெற்றோலை ஏற்றலாம். அது பிடிப்பில்லாமல் ஆடினால் கேம் மேட்டில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள். காபரேற்றர்ப் பக்கக் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, ஸ்பார்க் வராதபடி கொயிலின் மெல்லிய வயரைக் கழற்றி, பற்றரியைப் பூட்டி ஸ்டார்ட்டர் அடித்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு பீச்சலாகப் பலமாக வர வேண்டும். நுரையும் குமிழுமாக வந்தால் தாங்கிப் பக்கக் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது.

கழற்றிய எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, எஞ்சினைச் சூடாகும்வரை ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அடுத்த நாள் காலையும் ஒரு கிழமை கழித்தும் டிப்ஸ்ரிக்கை மணந்து பாருங்கள். ஸ்குறூ போட்ட பழைய பம்பின் உடலை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், வால்வும் லீவரும் நல்லதாக இருந்தால் ஒரு கிற்றோடு மாற்றுப் பம்பாகிவிடும்.