டேகேருக்கு லோக்கல் பழம் காய் வேணுமா, பெரிய டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டயே கேட்டு வாங்கலாம்

அமெரிக்காவுல டேகேர் நடத்துறவங்க, அங்க கிச்சன் பாத்துக்கறவங்க நிறைய பேருக்கு பக்கத்துப் பண்ணையில வெளஞ்சத பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா வாரா வாரம் பண்ணைக்கு வண்டி ஓட்ட யாருக்கு நேரம் இருக்கு? அங்க போகவே வேணாம். சிஸ்கோ, யுஎஸ் ஃபுட்ஸ், கோர்டன் ஃபுட் சர்வீஸ்னு பெரிய டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டருந்து ஏற்கெனவே நம்ம வாசலுக்கு வர்ற டிரக்லயே அது வரலாம், ஆனா நாம கேட்டாதான் வரும், அதுவும் சரியா கேக்கணும்.

மொதல்ல லோக்கல்னா எதுன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க. டேகேர் சாப்பாட்டுக்கு அரசாங்கம் காசு குடுக்கற சிஏசிஎஃப்பி திட்டத்துல அதுக்குன்னு ஒரே வரையறை கிடையாது, நம்ம கவுன்டியா, மாநிலமா, பக்கத்து மாநிலமும் சேத்தியாங்கறது வாங்குற நம்ம கையிலதான் இருக்கு. இத சொல்லாம விட்டீங்கன்னா விக்கிறவங்க அவங்க இஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் வச்சுக்குவாங்க. எனக்கு ஒரு சப்ளையர்கிட்டருந்து லோக்கல்னு தக்காளி வந்துச்சு, பெட்டிய திருப்பி லேபிளப் படிச்சா பேக் பண்ண கம்பெனி மட்டும்தான் எங்க மாநிலம், வெளஞ்சது மெக்சிகோவுல. அன்னைலருந்து நான் "எந்த ஊர்ல வெளஞ்சது, எந்தப் பண்ணை"ன்னுதான் கேக்கறேன், "லோக்கலா"ன்னு மட்டும் கேக்கறதே இல்ல.

அப்புறம் சேல்ஸ் ரெப்புக்கு போன் போட்டு "லோக்கல் ஐட்டம் என்ன வச்சிருக்கீங்க"ன்னு பொதுவா கேக்காதீங்க, பாத்துட்டு சொல்றேன்னு வச்சிருவாங்க. ஒரே ஒரு பொருளச் சொல்லுங்க, எந்த மாசம், வாரத்துக்கு எத்தன கேஸ் (அதாவது பெட்டி), என்ன சைஸ், எல்லாம் சேத்து சொல்லுங்க. போன வருஷம் நீங்க என்னென்ன எவ்ளோ வாங்குனீங்கன்னு அவங்க சிஸ்டம்லயே ரிப்போர்ட் இருக்கும், அத மொதல்ல கேட்டு வாங்கிட்டு அதுல அதிகமா போற நாலஞ்சு பொருள்லருந்து ஆரம்பிங்க.

நான் ஆரம்பிச்சது ஆப்பிள்ல, கணக்கோட சொல்றேன். ஆப்பிள் சுமார் 40 பவுண்டு பெட்டியாத்தான் வரும், அதுல 88, 113, 125, 138னு ஒரு நம்பர் இருக்கும், பெட்டிக்குள்ள எத்தன பழம்னு அர்த்தம், நம்பர் ஏற ஏற பழம் சின்னது. 125 சைஸ் ஆப்பிள் ஒண்ணு நறுக்குனா ஏறக்குறைய ஒரு கப் வரும். 3லருந்து 5 வயசுப் பிள்ளைக்கு மதிய சாப்பாட்டுல பழம் கால் கப் போதும், அப்போ 30 பிள்ளைங்களுக்கு 8 ஆப்பிள், ஒரு பெட்டி 15 வேளைக்கு வருது. குளிர்ல வச்சா கெடாம இருக்கறதால சின்ன டேகேருக்கும் முழுப் பெட்டி வாங்கறது கட்டுப்படியாகும், கீரைல இந்தக் கணக்கு நடக்காது. இன்னொண்ணு, கடைக்காரங்க பெரிய பழமா கேப்பாங்க, அதனால தோட்டத்துக்காரங்களுக்கு சின்ன பழம் விக்கறது கஷ்டம், நம்ம பிள்ளைங்க கைக்கு அந்த சின்னதுதான் அளவா இருக்கும். இத ரெப்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, நிஜமாவே வேலை செய்யுது.

பால் விஷயத்துல நீங்க ஏற்கெனவே லோக்கல்தான் வாங்கறீங்களோ என்னமோ, அட்டைல தேதி பக்கத்துல ஒரு கோட் நம்பர் இருக்கும் பாருங்க, மொத ரெண்டு இலக்கம் மாநிலம், 36னா நியூயார்க், 55னா விஸ்கான்சின். அது பால் பதப்படுத்துன பிளான்ட் இருக்கற மாநிலம், மாடு இருக்கற இடம் இல்ல, அதயும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சிஏசிஎஃப்பி காசுல பொருள் வாங்கறதுக்கு இருக்கற ரூல் பத்தி பயந்துட்டு நிறைய பேர் கேக்காமலே விட்டுர்றாங்க, எனக்கு அதுதான் வருத்தம். 2024 ஜூலை 1லருந்து பதப்படுத்தாத, இல்ல கொஞ்சமா பதப்படுத்துன பொருளுக்கு "லோக்கலாத்தான் இருக்கணும்"னு கொட்டேஷன் கேக்கும்போதே கண்டிஷனா எழுதலாம், முன்னாடி லோக்கலுக்கு முன்னுரிமை தர்ற அளவுக்குத்தான் முடிஞ்சது. ஆனா போட்டி இருக்கணும், ஒரே ஒரு பண்ணையால மட்டுந்தான் குடுக்க முடியும்ங்கற மாதிரி எல்லைய சுருக்கிறாதீங்க, உங்க மாநிலத்து சிஏசிஎஃப்பி ஆபீஸ்லயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

மினிமம் ஆர்டர் இடிக்குதுன்னா பக்கத்துல ரெண்டு மூணு டேகேர் சேந்து ஒரே பொருள, ஒரே வாரத்துல கேளுங்க, உங்க ஸ்பான்சர் (உங்களுக்காக சிஏசிஎஃப்பி வேலையப் பாத்துக்கற அமைப்பு) மூலமா கேட்டா இன்னும் நல்லது. ஒரு சென்டரோட ஒரு கேஸுக்காக வேர்ஹவுஸ்ல புதுசா ஒரு ஐட்டம் ஏத்த மாட்டாங்க, பத்து கேஸ் நிச்சயம்னா யோசிப்பாங்க. கேக்கற நேரமும் முக்கியம், கோடைக்கு வேணும்ங்கறத குளிர்காலத்துலயே சொல்லிருங்க, பண்ணைல என்ன நடறதுன்னு அப்பத்தான் முடிவு பண்றாங்க, ஜூன்ல போய் கேட்டா இருக்கறதுதான் கிடைக்கும்.

கடைசியா ரெண்டு விஷயம் எழுத்துல வாங்கிருங்க. இன்வாய்ஸ்ல பண்ணை பேரு வரணும், லோக்கல் இல்லன்னா மாத்தி அனுப்பறதுக்கு முன்னாடி நமக்கு போன் வரணும். டிரைவர் அவசரப்படுத்துனாலும் பரவாயில்ல, ஒரு பெட்டியோட லேபிளயாவது படிச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.