கேசட்டில் பாட்டுத் தொகுப்பு பதிவது எப்படி

முதலில் பேப்பரும் பேனாவும். C-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், C-60-இல் 30. ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் நிமிடம், விநாடியாக எழுதிக் கூட்டுங்கள். இடைவெளிக்குப் பாட்டுக்கு 4 விநாடி சேருங்கள். 45 நிமிடப் பக்கத்தில் 44-ஐத் தாண்ட வேண்டாம். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்து போவதைப் போல வேதனை வேறில்லை. C-120 வேண்டவே வேண்டாம். அதன் டேப் மிக மெல்லியது, எளிதில் இழுபடும், உருளையில் சுற்றிக்கொள்ளும்.

கேசட்டில் பாட்டைத் தாண்டிப் போவது சிரமம். நீங்கள் வைத்த வரிசையில்தான் கேட்பவர் கேட்பார். அதனால் வரிசைக்கு நேரம் கொடுங்கள். திருப்பிப் போடும்போது இன்னொரு ஆரம்பம் வருகிறது. B பக்கத்துக்கும் நல்ல முதல் பாட்டு ஒன்றை எடுத்து வையுங்கள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டை, அதாவது டேப்பைத் தொட்டு ஒலியைப் பதியும் உலோகப் பகுதியை, துடையுங்கள். பஞ்சில் பழுப்பாக ஒட்டுவது டேப்பிலிருந்து உதிர்ந்த பூச்சு. அது படிந்திருந்தால் மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே கேசட்டைப் போடுங்கள். புதுக் கேசட் என்றால் ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் இருக்கும் பூச்சில்லாத துண்டில் எதுவும் பதியாது. ஆறுபட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, பழுப்பு டேப் ஹெட் படும் இடத்துக்கு வரும்வரை சுற்றுங்கள்.

லெவல் (பதியும் ஒலியின் அளவு) வைக்க, இருப்பதிலேயே சத்தமான பாட்டின் உச்சமான இடத்தை ஓடவிடுங்கள். சாதாரண ஃபெரிக் கேசட்டில் மீட்டர் 0-வைத் தொட்டு எப்போதாவது +3 போனால் போதும். குறைந்தால் இரைச்சல் மேலே வரும். கூடினால் ஒலி கரகரக்கும். பல இடங்களிலிருந்து எடுத்த பாட்டுகள் ஒரே சத்தத்தில் இருக்காது. மீட்டரை மட்டும் நம்பாமல், முந்தைய பாட்டின் குரலோடு அடுத்ததைக் காதால் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

கைப்பக்குவம் எல்லாம் பாஸ் பட்டனில் இருக்கிறது. பாஸில் வைத்தே ரிக்கார்டை அழுத்துங்கள். பாட்டை ஓடவிட்டு, முதல் ஒலி வருவதற்கு அரை விநாடி முன்பு பாஸை விடுங்கள். முடிவில், கடைசி ஒலியின் அதிர்வு முழுக்க அடங்கி, மேலும் 3, 4 விநாடி மௌனமும் பதிந்த பிறகு மறுபடி பாஸ். ஸ்டாப்பை அழுத்தினால் பல டெக்குகளில் (பதிவுக் கருவிகளில்) ‘டக்’ என்ற சத்தமும் சேர்ந்து பதியும். இரு பாட்டுகள் சேரும் ஒவ்வொரு இடத்தையும் அப்போதே கேட்டுப் பாருங்கள்; நாலு பாட்டு தள்ளிக் கண்டுபிடித்தால் அத்தனையும் திரும்பப் பதிய வேண்டும்.

டால்பி என்பது டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி. அதைப் போட்டுப் பதிந்ததை டால்பி இல்லாமல் ஓட்டினால் ஒலி கூர்மையாகக் குத்தும். வாங்கிக் கேட்பவரின் பிளேயரில் அது இல்லையென்றால், போடாமலேயே பதியுங்கள்.

இரு பக்கமும் முடிந்ததும், தவறுதலாக மேலே பதிந்துவிடாமல் இருக்க, முதுகுப்புறத்துச் சின்னப் பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள். A பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது இடப்பக்கம் இருப்பது A-க்கானது. பின்னால் மறுபடி பதிய விரும்பினால் அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் போதும். குரோம் கேசட்டில் (ஃபெரிக் அல்லாத வேறு பூச்சு உள்ள வகை) அதை அடுத்து இன்னொரு பள்ளம் இருக்கும். அதை மூடிவிட்டால் டேப்பின் வகையைத் தானாகக் கண்டுகொள்ளும் டெக் அதைச் சாதாரணக் கேசட் என்று எடுத்துக்கொள்ளும்.