பழைய வால்வு கிடார் ஆம்ப்: பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

"அண்ணா, வால்வு போயிடுச்சு போல, மாத்திக் கொடுங்க." பெங்களூரின் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தம்பிகள் பழைய ஆம்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். திறந்து பார்த்தால் வால்வு (உள்ளே ஒளிரும் கண்ணாடிக் குழல்) நன்றாகவே இருக்கும். காய்ந்துபோன கண்டென்சர், விட்டுப்போன சால்டர், துருப்பிடித்த சாக்கெட் என்று வேறு ஏதாவது காரணம் கிடைக்கும். அதனால் இந்தப் பதிவில் ஒரே பிடிவாதம்தான்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது.

உதாரணத்துக்கு 1970-களின் ஃபெண்டர் சாம்ப் ஆம்பை எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பநிலைக்கு இதைவிட எளிய சர்க்யூட் கிடைக்காது. மூன்றே வால்வு: கிடார் சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6, ஏசியை டிசி ஆக்க 5ஒய்3. உங்களிடம் இருப்பது வேறு மாடல் என்றால் அதன் சர்க்யூட் படத்தை முதலில் தேடி அச்சிட்டுக்கொள்ளுங்கள். வரிசை இதேதான்.

திறப்பதற்கு முன்

வால்வு ஆம்புக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கலாம். இதைப் படித்துவிட்டு "பார்த்துக்கலாம்" என்று நினைப்பவர்கள் தயவுசெய்து திறக்க வேண்டாம்.

பிளக்கைக் கழற்றுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்கு காப்பிட்ட கிளிப் வயர் வைத்து, ஒரு கிளிப்பைச் சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) மாட்டுங்கள். மற்றதை ஃபில்டர் கண்டென்சரின் பாசிட்டிவ் முனையில் சில விநாடிகள் பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது உறுதியான பிறகே கையை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி பறக்கும், கண்டென்சரும் கெடும். கரண்ட் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, அதன் சுற்று எரிந்துபோகும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

110 வோல்ட் சிக்கல்

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் என்றால் 117 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் ஃப்யூஸ் போவது அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். 110 வோல்ட் தரும் வகையே வாங்குங்கள். 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும் என்பதால் கொஞ்சம் குறைவான வோல்டேஜ் நல்லதுதான்.

கடைகளில் கிடைக்கும் சிறிய ஸ்டெப் டவுன்களில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை. மெயின்ஸிலிருந்து அவை எந்தத் தனிமைப்படுத்தலும் தராது. பலவற்றில் வெளியேறும் சாக்கெட்டுக்கு இரண்டு துளைதான், எர்த் அங்கேயே அறுந்துவிடும். எர்த் உள்ள சாக்கெட் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து எர்த் வயரைத் தொடர்ச்சியாக இழுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆம்பில் இரண்டு கோர் வயர்தான் இருக்கிறதா? முதல் வேலையாக மூன்று கோர் வயராக மாற்றுங்கள். பச்சை வயரைச் சேசிஸில் தனி போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபேஸ் வயர் ஃப்யூஸ் வழியாகப் போக வேண்டும். மெயின்ஸ் வயரிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் இணைத்திருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸுக்கு ஃபேஸ் வந்துவிடும். கிடார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாய் வைப்பவருக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சீரிஸ் பல்பு

எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு இங்கே உயிர்காக்கும் கருவி. ஃபேஸ் வயரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாக ஸ்டெப் டவுனுக்கும் ஆம்புக்கும் கரண்ட் கொடுங்கள். இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது.

முதலில் எல்லா வால்வையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால், அல்லது மிக மங்கலானால், பவர் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருக்கிறது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். உடனே ஆஃப் செய்யுங்கள். அடுத்து 5ஒய்3 மட்டும். இப்போது பிரகாசமாக எரிந்தால் ஃபில்டர் கண்டென்சர் அல்லது 5ஒய்3 மேல் சந்தேகம். இந்த நிலையில் ரொம்ப நேரம் விடாதீர்கள். கரண்ட் இழுக்க வேறு வால்வு இல்லாததால் வோல்டேஜ் எக்கச்சக்கமாக ஏறும். கடைசியாக ஸ்பீக்கரை மாட்டி, மற்ற வால்வுகளையும் போடுங்கள். பல்பு மிதமாக எரிந்தால் சரி.

சத்தமே இல்லையா?

ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். "டப்" என்றால் உயிர் இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 ஓம் சுமாருக்குக் காட்டும், பயப்பட வேண்டாம்.

இனி ஸ்பீக்கரை மாட்டி, சீரிஸ் பல்பை நீக்கிவிட்டு, பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். சேசிஸைக் கவிழ்த்து அடிப்பக்கமிருந்து பார்க்கும்போது பின்களைக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். 6வி6-ன் 3-ஆம் பின் பிளேட், 4 ஸ்கிரீன், 5 கிரிட், 8 கேத்தோடு; இவை வால்வுக்குள் இருக்கும் பாகங்களின் பெயர். 3-லும் 4-லும் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 4-ல் இருந்து 3-ல் இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று அறுந்திருக்கலாம். அப்படியானால் உடனே ஆஃப் செய்யுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் 5ஒய்3 பக்கம் போங்கள்.

12ஏஎக்ஸ்7-ல் 1, 6 பின்கள் பிளேட். அங்கே 150 முதல் 250 வோல்ட்டுக்குள் இருப்பது வழக்கம். மீட்டர் முனை பட்டதும் ஸ்பீக்கரில் "டிக்" கேட்கும். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தனிக் கருவி எதுவும் வேண்டாம், அளக்கும்போதே காதைக் கொடுத்தால் போதும். ஒரு பிளேட்டில் டிக் கேட்டு, அதற்கு முந்தைய பிளேட்டில் கேட்கவில்லையென்றால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில்.

உறுமல்

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். உறுமல் அப்படியே இருந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டென்சர் மேல். இங்கே அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும், கரகரப்பான "பஸ்ஸ்". வால்யூமோடு ஏறி இறங்கினால் கிடார் கேபிள், இன்புட் ஜாக், முதல் வால்வு, எர்த் இணைப்பு என்று முன்பக்கம் தேடுங்கள்.

50 வயதான எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை (ஃபில்டர் கண்டென்சர்கள் இந்த வகைதான்) மட்டும் அளவு சரியாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். என் பிடிவாதத்துக்கு இந்த ஒரு விலக்கு உண்டு. சாம்பில் 20 மைக்ரோஃபாரட் மூன்று இருக்கும். இப்போது கிடைப்பது 22 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும், 105 டிகிரி சூடு தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆம்பில் அளக்கும் வோல்டேஜ் 450-ஐ நெருங்கினால் 500 வோல்ட் வகைக்குப் போங்கள். "பெருசா போட்டா உறுமல் இன்னும் குறையும்" என்று யாராவது சொன்னால், 5ஒய்3-ஐ அடுத்துள்ள முதல் கண்டென்சருக்கு அதைக் கேட்காதீர்கள். ஆன் ஆகும்போது பெரிய கண்டென்சர் இழுக்கும் கரண்டை 5ஒய்3 தாங்காது. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் கண்டென்சர் வெடிக்கும். ஈயம் வைத்த பிறகு ஒருமுறை, ஆன் செய்வதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

6வி6 சிவந்து போகிறதா?

நடுவில் இழை ஆரஞ்சாக ஒளிர்வது இயல்பு. வெளியே தெரியும் சாம்பல்நிறத் தகடு சிவந்தால் ஆபத்து, உடனே ஆஃப். 5-ஆம் பின்னில் டிசி அளவு பூஜ்யம் சுமாருக்கு இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் பாசிட்டிவ் வந்தால், 12ஏஎக்ஸ்7-லிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறதா, வால்வே கெட்டதா என்று பிரிக்க வேண்டும். ஆஃப் செய்து 6வி6-ஐக் கழற்றி, ஆன் செய்து சட்டென்று மறுபடி அளங்கள். வோல்டேஜ் அப்படியே இருந்தால் கண்டென்சர். 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள். மறைந்துவிட்டால் வால்வு.

கிரிட் சரியாக இருந்தால் 8-ஆம் பின்னை அளங்கள். அங்கிருந்து சேசிஸுக்குப் போகும் 470 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 19 வோல்ட் என்றால் சுமார் 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது. சாம்ப் வால்வைக் கொஞ்சம் சூடாகவே ஓட்டும். ஆனால் அளவு இதைவிட மிக அதிகமானால் ஆம்பை ஆஃப் செய்து, அந்த ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றி அளந்து பாருங்கள்.

கரகரப்பு, மணியோசை

பெரும்பாலும் சின்ன வேலை. வால்யூம் திருப்பும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்புங்கள். வால்வைப் பென்சிலால் தட்டும்போது மணி அடிப்பதுபோல் கேட்டால் அந்த வால்வை மாற்றலாம். தானாகப் படபடவென்றால் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு சால்டரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அதிலும் சிக்கவில்லையென்றால் 12ஏஎக்ஸ்7 பிளேட்டில் இருக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். பழைய கார்பன் வகை இப்படித்தான் சத்தம் போடும்.

12ஏஎக்ஸ்7 வாங்கப் போனால் ஈசிசி83 என்ற பெயரையும் நினைவில் வையுங்கள், இரண்டும் ஒன்றுதான். நம் ஜாலஹள்ளி பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் ஒருகாலத்தில் வால்வு செய்த இடம். பழைய ரேடியோ மெக்கானிக் யாரையாவது தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், டப்பாவுக்குள் பெல் ஈசிசி83 ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 8-ஆம் பின்னை மறுபடி அளங்கள். அளவு ஏறிக்கொண்டே போகாமல் ஒரே இடத்தில் நின்றால் பின்பலகையைப் பூட்டலாம். அளந்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, பலகையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.