கார் மாடலில் கண்ணாடிக்கு சூப்பர் குளூ வேண்டாம்

1/24 அளவு கார் மாடலில் பெயின்ட், பாலிஷ் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் முன்கண்ணாடியை சூப்பர் குளூ வைத்து ஒட்டுவோம். மறுநாள் பார்த்தால் ஓரமெல்லாம் புகை படிந்த மாதிரி வெளுத்திருக்கும். பசையிலிருந்து கிளம்பும் ஆவி, காற்றிலுள்ள ஈரத்தால் இறுகிக் கண்ணாடி மேல் படிவதுதான் காரணம். மாடலின் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட்டும் ஆகாது. மாடலில் கண்ணாடியும் தெளிவான பிளாஸ்டிக்தான் என்பதால், அது கண்ணாடிப் பாகத்தையே கரைத்து மங்கலாக்கிவிடும்.

மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையே போதும். பல்குச்சி நுனியில் தொட்டு, சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய கோடாக வையுங்கள். கண்ணாடியைப் பொருத்தி, மாஸ்கிங் டேப்பால் பிடித்து ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். வைக்கும்போது வெள்ளையாக இருந்தாலும் காய்ந்ததும் நிறமே தெரியாது. கொஞ்சம் பிதுங்கிவிட்டதா? காய்வதற்குள் ஈரமான பஞ்சுக் குச்சியால் துடைத்தால் சுவடே இருக்காது. இந்தப் பசையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கிறது.

ஹெட்லைட் கண்ணாடிக்கும் இதே முறைதான். அப்புறம், மாடலைத் தூக்கும்போது கண்ணாடியில் விரலை அழுத்தாதீர்கள். வெள்ளைப் பசையின் பிடி சூப்பர் குளூ அளவுக்கு உறுதி கிடையாது.