காக்கையில் தொடங்குங்கள்

கார்ட்டூன் பழக விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: முகத்தை விடுங்கள், காக்கையை வரையுங்கள். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லட்சுமணுக்குச் சிறுவயது முதலே காக்கைகளை வரைவதில் தீராத ஆசை. எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் காக்கையை நான் இரண்டு மாதம் வரைந்தேன். அது ஒரு நொடிகூட நிற்காது. அதனால் அலகு, முதுகின் வளைவு, சாய்ந்த தலை என்று மூன்றே கோடுகளில் பிடிக்கக் கை பழகிவிடுகிறது.

பிறகுதான் முகம். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் 1939இல் வெளியிட்ட ‘ஃபன் வித் எ பென்சில்’ இதற்கு அருமையான புத்தகம். முதலில் ஓர் உருண்டை. அதன்மேல் மூக்கு, கன்னம், தாடை என்று சிறு உருண்டைகளை ஒட்டி முகத்தைக் கட்டிக் காட்டுவார். வெறுமனே புரட்டாதீர்கள். ஒரு பக்கத்தைப் பார்த்து வரைந்த பின் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து மறுபடி வரையுங்கள். தடுமாறிய இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

புருவத்துக்கென்றே ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரே முகத்தை இருபது முறை வரைந்து, புருவத்தை மட்டும் மாற்றுங்கள். உள்முனை இறங்கினால் கோபம், ஏறினால் கவலை. வாயைத் தொடவே வேண்டாம். அழிரப்பரும் அந்த வாரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.